கப்பித்தானின் கவசத்துக்குக் குரல் பூட்டிய கதை

போன கிழமை பட்டறைப் பிள்ளைகள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். கடையில் விற்கிற ஒரு தலைக்கவசம். போட்டுக்கொண்டு கதைத்தால் குரல் இயந்திரக் குரலாக வெளியே வருமாம். நடந்தால் இரும்பு இடிக்கிற சத்தமும் வருமாம். படத்துக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, நீங்கள் மூண்டு மாசம் மினக்கெட்டதை இவங்கள் பெட்டியில போட்டு விக்கிறாங்கள்." பகிடிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்தை வீணாக்குவானேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் நான் செய்தது என்ன, செய்த பிழை என்ன என்று அவர்களுக்கு ஒழுங்காகத் தெரியட்டும்.

என் பெயர் யோகேஸ்வரி. அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம், கப்பல்களுக்கும் படகுகளுக்கும் றேடியோவும் ஒலிபெருக்கியும் திருத்துகிற ஒரு தனியார் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, சோல்டர் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். முதல் ஆறு மாதம் எனக்குத் தேத்தண்ணீர் போடுகிற வேலையைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். எனக்குத் தேத்தண்ணீர் நன்றாகப் போடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரியாதென்றுதான் சொல்லியிருப்பேன். சண்டைக் காலத்தில் ஒரு கை றேடியோவைத் திறப்பதற்கே அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதங்களோடு கந்தோர் கந்தோராக அலைந்ததிலேயே என் பயிற்சிக் காலம் பாதி போயிற்று.

மீதிப் பாதியை அருமைநாயகம் சேர் எடுத்துக்கொண்டார். வேலையை மேற்பார்க்கிற எங்கள் போர்மன் அவர்தான். ஒல்லியான மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை, பையில் கூராகச் சீவிய ஒரு பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு நாங்கள்தான் கிட்டப் போகவேண்டும். கிட்டப் போன பிறகுதான் ஏச்சு விழும்.

பழுதான கருவி வந்தால் அவர் வைத்த முறை ஒன்று இருந்தது. மேசையில் துணி விரித்து அதன்மேல் கருவியை வைக்கவேண்டும். ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூடாது. மண்ணிறப் பதிவுப் புத்தகத்தை எடுத்து மூன்று கேள்விக்கு விடை எழுதவேண்டும். ஆர் கதைக்கப் போகினம்? எங்கை நிண்டு கதைக்கப் போகினம்? சுத்திவர என்ன சத்தம்? இந்த மூன்றும் எழுதிய பிறகுதான் மூடியைத் திறக்கலாம். கருவி கொண்டுவந்தவர் அவசரத்தில் கத்தினாலும் சேர் அசையமாட்டார். எனக்கு அந்த முறை பெரிய வீண் வேலையாகத் தெரிந்தது. பழுது பெட்டிக்குள் இருக்க, ஆளை ஏன் விசாரிக்கவேண்டும் என்று ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன்.

பதில் ஒரு இழுவைப் படகிலிருந்து வந்தது. பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற அந்தப் படகின் கை ஒலிபெருக்கி வேலை செய்வதில்லை என்று கொண்டுவந்தார்கள். நான் புத்தகத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு, உள்ளே இரண்டு உறுப்பை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. மைக்கை மாற்றினேன். திரும்ப வந்தது. வயர் முழுவதையும் மாற்றினேன், அதற்கும் திரும்ப வந்தது. அப்போதுதான் சேர் என்னைக் கூட்டிக்கொண்டு படகுக்குப் போனார். கையில் திருத்துகிற ஆயுதம் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒலிபெருக்கியைப் பிடிக்கிற ஆளுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. கயிறு சுற்றுகிற இயந்திரம் எடுத்துவிட்டது. கதைக்கும்போது அமத்திப் பிடிக்கவேண்டிய சுவிச்சை அவர் உள்ளங்கையால் அமத்திக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லில் அது வழுக்கிவிடும். சேர் பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பெட்டி சுகமாத்தான் இருந்தது பிள்ளை. நீர்தான் அதுக்கு மூண்டு தரம் ஒப்பரேசன் செய்தனீர்."

சுவிச்சைக் காலால் மிதிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான் மூன்று கேள்வியையும் ஒழுங்காக எழுதினேன். எழுதிப் பழகிப் பழகி ஒரு கட்டத்தில் எழுதாமலே எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வந்துவிட்டது. சேர் ஓய்வு பெற்றுப் போய், அந்தப் புத்தகமும் அலுமாரிக்குள் போய்விட்டது.

எனக்கென்று ஒரு பெயர் வந்தது தொண்டை மைக்கால். கப்பலின் இயந்திர அறைக்குள் சாதாரண மைக் வைத்தால் இயந்திரத்தின் இரைச்சல்தான் மறுபக்கம் கேட்கும். அதனால் கழுத்தைச் சுற்றிப் பட்டி கட்டி, குரல்வளையில் இரண்டு வில்லையை ஒட்டிவைப்பார்கள். அது காற்றில் வருகிற சத்தத்தை எடுக்காது. தொண்டையின் அதிர்வை மட்டும் எடுக்கும். வெளியே என்ன இடி விழுந்தாலும் கதைக்கிறவரின் குரல் மட்டும் தெளிவாகப் போகும். துறைமுகத்தில் அந்தச் சாமானைத் திருத்துவதற்கு யோகா அக்காவை விட்டால் ஆள் இல்லை என்று சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒருநாள் காலையில் கிண்ணியாவிலிருந்து நசீரும் அவருடைய மனைவி ஹமீதாவும் பட்டறைக்கு வந்தார்கள். நசீரைத் துறைமுகத்தில் தெரியாதவர்கள் குறைவு. படகில் முன்தளத்தில் நின்று கயிறு எறிகிறவர்களுக்குக் கட்டளை போடுகிற வேலை. ஒலிபெருக்கி எதற்கு, நசீர் இருக்கிறாரே என்று நாங்களே பகிடி விடுவோம். எங்கள் நலன்புரிச் சங்கம் வருடா வருடம் போடுகிற நாடகத்திலும் இருபது வருடமாக அவருடைய குரல்தான் ராசாவுக்கு.

ஒன்றரை வருடத்துக்கு முந்தி அவருக்குக் கழுத்தில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பிலேயே அந்தக் கட்டி ஒட்டியிருந்ததாம். உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. மிஞ்சியது காதோடு காதாகச் சொல்கிற அளவு கிசுகிசுப்பு மட்டும். வேலையை விட்டார். கடைக்குப் போனால் கையால் காட்டுவார். மற்றபடி அவருக்காக ஹமீதாதான் கதைப்பார். அன்றும் அப்படித்தான். அவர் பக்கத்தில் நிற்க, ஹமீதா எல்லாவற்றையும் சொன்னார், நானும் ஹமீதாவிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். "சாப்பாடு விழுங்க ஏலுமா?" என்றுகூட அவர் முன்னாலேயே அவரைப் பற்றி ஹமீதாவிடம் கேட்டேன். அது எனக்கு அப்போது பிழையாகவே தெரியவில்லை.

அவர்கள் வந்த விசயம் இதுதான். அந்த வருட நாடகத்தைத் தவராசா மாஸ்டர் எழுதியிருந்தார். சங்கத்தின் நாடகங்களை எழுதி இயக்குகிறவர் அவர். கோட்டைக்குள் படையோடு இருக்கிற ஒரு வெளிநாட்டுக் கப்பித்தான், ஊர்ச் சனங்களுக்குப் பயந்து, நித்திரையிலும் இரும்புக் கவசத்தைக் கழற்றாமல் வாழ்கிறான். அதுதான் கதை. முகம் முழுவதும் மூடுகிற கவசம். நசீரின் உயரத்துக்கும் நடைக்கும் அது பொருந்தும் என்று மாஸ்டர் நினைத்திருக்கிறார். குரலுக்கு வழி பண்ணச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். ஹமீதா சொல்லி முடித்த பிறகு நசீர் என் மேசைக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"செய்து தருவீங்களாக்கா?" என்றார். அவ்வளவுதான். மூச்சுக் காற்று மாதிரி இருந்தது. நான் "ஓம்" என்றேன். எப்படி என்று யோசிக்கவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கவசத்தை ஒரு தகர வேலைக்காரர் அலுமினியத் தகட்டில் வெட்டிக் கொடுத்தார். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோள், கை, கால், தலை. சாம்பல் நிறம் பூசியபோது தூரத்தில் இரும்பாகவே இருந்தது. ஆனால் நடந்தால் குசினிச் சட்டி பானைக்குள் பூனை புகுந்த சத்தம். அதனால் முதலில் சத்தத்தைப் பிடித்தேன். தகடு தகட்டோடு உரசுகிற இடமெல்லாம் உள்ளே ரப்பர் ஒட்டி அதைப் பேசாமல் இருக்கப் பண்ணினேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு படகு கட்டுமிடத்துக்குப் போய் இரும்புச் சத்தம் சேகரித்தேன். நங்கூரச் சங்கிலி நீளமாக இழுபட்டது, காலடிக்குச் சரிவரவில்லை. கப்பலைக் கயிற்றால் கட்டுகிற இரும்புத் தூணில் மரச் சுத்தியலால் தட்டியபோது, நான் தேடிய "டம்" கிடைத்தது. தலைக்கவசத்தின் முகமூடி திறப்பதற்குக் கப்பல் கதவின் துருப்பிடித்த பிணைச்சல் சத்தம். முகமூடியின் விளிம்பிலும் குதிக்காலுக்கு அடியிலும் மெல்லிய சுவிச் வைத்து, சின்ன மின்பலகையொன்றில் அந்தச் சத்தங்களை ஏற்றினேன். நசீர் நிற்கும்போது உடம்பைச் சற்று மாற்றினாலும் "டம்" என்றது. காலை முழுவதும் தூக்கி வைத்தால்தான் அடிக்கவேண்டும் என்று சுவிச்சுக்கு மேல் தடித்த ரப்பர் வைத்துச் சரிசெய்தேன். இதெல்லாம் இரண்டு மாதம். ஒத்திகைக்கு வந்தவர்கள் பார்த்துக் கை தட்டினார்கள்.

குரலுக்கு நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தகட்டுக்குள் அடைபட்ட ஆள், பக்கத்திலேயே ஸ்பீக்கர். சாதாரண மைக் வைத்தால் கூவும். ஆகவே தொண்டை மைக். என் கைக்குப் பழகிய சாமான். பழையதொன்றை எடுத்துப் புதுப்பித்து, பட்டியை அவர் கழுத்தில் கட்டி, அம்பிளிபயரை இடுப்பிலும் ஸ்பீக்கரை மார்பிலும் பூட்டினேன்.

சங்க மண்டபத்தில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். தவராசா மாஸ்டர் தாளோடு நின்றார். ஹமீதா பின்கதிரையில். நான் சுவிச்சைப் போட்டேன். நசீர் முதல் வசனத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அளவைக் கூட்டினேன். அவர் எச்சில் விழுங்கியது மட்டும் "கடக்" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. இன்னும் கூட்டினேன். இப்போது அவருடைய நாடித் துடிப்பு கேட்டது, "திக், திக்" என்று. யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது முகமூடியின் இடுக்கால் எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஹமீதா எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "இவருக்கு ஏலாதக்கா. விட்டுருங்க," என்றார்.

தவராசா மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு நாடகம் நடக்கவேண்டும். அவருடைய பழைய மாணவர் ஒருவருக்கு நல்ல கம்பீரமான குரல். வசனம் முழுவதையும் அவரைக்கொண்டு பதிந்து, காலடிச் சத்தம் மாதிரி அதையும் பலகையில் ஏற்றிவிடலாம், நசீர் உள்ளே நின்று நடித்தால் போதும் என்றார். முகம்தான் தெரியாதே. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அரை மணித்தியால வேலை. தலையாட்டவும் தொடங்கிவிட்டேன்.

நசீர் தலைக்கவசத்தைக் கழற்றினார். வேர்த்து ஊற்றியது. மாஸ்டருக்குக் கிட்டப் போய்ச் சொன்னார், பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"அப்ப நான் ஏன் மாஸ்டர் உள்ளுக்கு நிக்கணும்?"

மாஸ்டர் இரண்டு கிழமை தவணை தந்தார். அதற்குள் நசீரின் குரல் கவசத்துக்கு வெளியே வந்தால் நசீர்தான் கப்பித்தான். வராவிட்டால் பதிந்த குரல். அப்படியென்றால் தான் இல்லை என்று நசீர் கையால் காட்டிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. எங்கே பிழை என்று பிடிபடவும் இல்லை. சும்மா என் குரல்வளையில் இரண்டு விரலை வைத்து, என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். விரலில் அதிர்ந்தது. கிசுகிசுத்துச் சொல்லிப் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. நீங்களும் வேண்டுமானால் செய்து பாருங்கள். கிசுகிசுப்பில் தொண்டை அதிர்வதே இல்லை. சொல்லை உண்டாக்குவது வாயும் மூச்சும்தான். அதிர ஏலாமல் போன ஒரு தொண்டையில் கொண்டுபோய் நான் அதிர்வை எடுக்கிற மைக்கைக் கட்டியிருக்கிறேன். பதினைந்து பேருக்கு முன்னால். துறைமுகத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார்கள். கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கூட வாய்க்குக் கிட்ட மைக்கை வைத்திருப்பார். ஆர் கதைக்கப் போகினம் என்ற முதல் கேள்வியையே நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். ஹமீதா உள்ளே விட்டாரே தவிர முகம் சரியில்லை. நசீர் முற்றத்தில் வலைக்கு ஈயம் கோர்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே சொன்னேன்.

"பிழை என்ர பக்கம், நசீர். உங்கட குரலில இல்லை. நான் மைக்கைப் பிழையான இடத்தில வைச்சனான்."

அவர் நிமிரவில்லை. கையை வாய்க்கு முன்னால் வைத்துக் கப்பித்தானின் முதல் வசனத்தைச் சொல்லும்படி கேட்டேன். சொன்னார். உள்ளங்கையில் காற்றுப் படுகிறதா என்று கேட்டேன். தலையாட்டினார். "அவ்வளவும் குரல்தான். அதை எடுத்துத் தாறது என்ர வேலை," என்றேன். அவர் ஈயத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். அன்றைக்கே மண்டபத்திலிருந்து கவசத்தை எடுத்துக்கொண்டு என்னோடு பட்டறைக்கு வந்தார்.

இதற்குப் பிறகு நடந்தது சண்டைதான். மூச்சுக் காற்றை நாடகம் நடக்கிற மைதானம் முழுக்கக் கேட்கவைக்கவேண்டும் என்றால் அம்பிளிபயரை எக்கச்சக்கமாகக் கூட்டவேண்டும். கூட்டினால் ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து கூவும். தலைக்கவசத்தின் தகடு வேறு மணி மாதிரி அதிர்ந்து அதற்கு ஒத்தாசை செய்தது. முதலில் தலைக்கவசத்தின் உட்புறம் முழுவதும் பழைய மெத்தையின் ஸ்பொஞ்ச் ஒட்டினேன். கூவல் பாதியாகக் குறைந்தது. மார்பிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி, வாயிலிருந்து தூரமாக இருக்கட்டும் என்று வயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் பார்க்கவைத்தேன். இன்னும் குறைந்தது. மைக்கை அரிசி அளவு சின்னதாக எடுத்து, உதட்டின் ஓரத்தில் கன்னத்தோடு ஒட்டினேன். நேரே வாய்க்கு முன்னால் வைத்தால் "ப" வருகிற இடமெல்லாம் வெடித்தது. ஓரத்துக்குத் தள்ளியதும் அடங்கியது. கிசுகிசுப்பில் கனத்த சத்தமே கிடையாது என்பதால், அம்பிளிபயரில் கனத்த பக்கம் முழுவதையும் வெட்டி எறிந்தேன். தகட்டின் உறுமலும் அதோடு ஒழிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் கவசத்தைப் போட்டு, சொல்லி, கழற்றவேண்டும். கச்சான் என்கிற தென்மேல் காற்று அனலாக வீசிய காலம் அது. ஒருநாள் பதினேழு தரம் போட்டுக் கழற்றினார். போதும் என்று நான் சொன்னபோது, இன்னும் ஒருக்கா என்று விரலைக் காட்டினார்.

நடுவில் தவராசா மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, இரும்புக்குள்ளிருந்து வருகிற குரல் இரும்பு மாதிரி இருக்கவேண்டாமா என்று கேட்டார். அதையும் செய்து பார்த்தேன். குரலைத் தாழ்த்தி எதிரொலி சேர்த்தேன். கேட்கப் பயங்கரமாகத்தான் இருந்தது, எனக்கே பிடித்துவிட்டது. பதிந்து நசீருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"இது ஆரு, அக்கா?" என்றார்.

அதை உடனே எடுத்துவிட்டேன். இரும்பு, காலில் இருந்தால் போதும்.

பத்தாம் நாள் மாஸ்டரைக் கூப்பிட்டோம். நசீர் மண்டபத்தின் அந்தத் தலைப்பில் நின்று முதல் வசனத்தைச் சொன்னார். "இந்தக் கோட்டையில் நான் சொல்லாமல் ஒரு கதவும் திறக்காது." கத்தி மிரட்டுகிற ஒருவன் அதைச் சொல்லியிருந்தால் வழக்கமான நாடகம். காதுக்குள் மெதுவாகச் சொல்கிற ஒரு குரல் அவ்வளவு பெரிதாகி வந்தபோது எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. மாஸ்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நசீர்தான்," என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஒன்று மிஞ்சியிருந்தது. நாடகத்தின் முடிவில் கப்பித்தான் தலைக்கவசத்தைக் கழற்றிச் சனங்களைப் பார்த்து ஒரு வசனம் சொல்லவேண்டும். குரல் போன ஆளுக்காக மாஸ்டர் அந்த வசனத்தை வெட்டியிருந்தார். கழற்றிவிட்டுச் சும்மா நின்றால் போதும் என்று. நசீருக்கு அந்த வசனம் வேண்டும். எனக்கு அது முடியாத காரியமாகப் பட்டது. ஸ்பொஞ்ச் ஒட்டிய தலைக்கவசம்தான் கூவலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிய அந்த நொடியே மைக் வெளியே வந்து ஊளையிடும். "அதை விடுங்கோ நசீர், முகம் தெரிஞ்சால் காணும்," என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மூடிக்கொண்டு கதைச்சா அது கப்பித்தான். திறந்து கதைச்சாத்தான் நான்," என்றார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு நீளமாகச் சொன்னது அதுதான் முதல் தரம்.

வழியைக் காட்டியது ஒரு மீன்பிடிப் படகு. படகு மோட்டரில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும்; ஓட்டி அதைக் கையில் கட்டியிருப்பார். அவர் தண்ணீருக்குள் விழுந்தால் கயிறு இழுபட்டு, சுவிச்சில் மாட்டிய கொளுவி கழன்று, மோட்டர் நின்றுவிடும். அந்தக் கொளுவிச் சுவிச்சொன்றை நசீரின் கவசத்துக் கழுத்துப் பட்டையில் பூட்டி, கயிற்றைத் தலைக்கவசத்தோடு கட்டினேன். கழற்றினால் கொளுவி இழுபடும். அம்பிளிபயர், கூவாத அளவுக்குத் தானாகக் குறையும். பிரச்சினை, அந்த அளவில் முன்னுக்கு இருக்கிற பாதிப் பேருக்குத்தான் கேட்கும். அதைச் சொன்னேன். நசீர் சிரித்தார்.

"பின்னுக்கு இருக்கிறவங்க கேக்கணுமெண்டா சத்தம் போடாம இருக்கட்டும்."

நாடகம் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில், வெயில் தணிந்த மாலையில் நடந்தது. கச்சான் காற்று மைக்குக்குள் புகுந்துவிடுமோ என்று நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. கப்பித்தான் சனங்களுக்குப் பின்னாலிருந்து, அவர்களுக்கு நடுவால் நடந்து மேடைக்கு வரவேண்டும். முதல் "டம்" கேட்டதும் பின்வரிசை திரும்பியது. பிள்ளைகள் தாய்மாரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் கதைக்கத் தொடங்கியதும் கச்சான் கடலை விற்கிறவர்கூட நின்றுவிட்டார். முக்கால் மணித்தியாலம் ஒரு இடத்திலும் கூவவில்லை. அவர் உள்ளே வேர்த்துக் குளித்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். நடையில் அது தெரியவில்லை.

கடைசியில் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிணைச்சல் சத்தம் வந்தது. கொளுவி கழன்றது. எனக்கு அந்த "டிக்" மேடைக்குக் கீழேயிருந்தே கேட்டது. நசீரின் முகத்தைக் கண்டதும் கூட்டத்தில் சலசலப்பு எழும்பியது. இத்தனை நேரம் கதைத்தது இவரா, இவருக்குத்தான் கதைக்க ஏலாதே என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். அவர் பொறுத்து நின்றார். சலசலப்பு அடங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. முழு மைதானமும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"எனக்குத் தாகமாக இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் தருவீர்களா?"

கடைசி வரிசை வரைக்கும் அது போனது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழும்பித் தன் தண்ணீர்ப் போத்தலை மேடைக்கு நீட்டினார். அது நாடகத்தில் இல்லாதது. நசீர் குனிந்து வாங்கிக் குடித்தார்.

திரை மூடிய பிறகு சனம் மேடைக்குப் பின்னால் வந்து சூழ்ந்துகொண்டது. நசீர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஹமீதா அவருடைய வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பற்றரி வீணாகப் போகிறதே என்று அம்பிளிபயரை நிறுத்த நான் அவருடைய இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அப்போது அவரோடு முந்திப் படகில் வேலை செய்த தோப்பூர்க்காரர் ஒருவர் முன்னுக்கு வந்தார். நசீர் அவருக்கு நேரே நிற்கிறார். அவரோ ஹமீதாவையும் என்னையும் பார்த்துத்தான் கேட்டார். "இப்ப இவருக்கு எப்படி? இனி வேலைக்கு வருவாரா?"

ஹமீதா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நானும் திறந்துவிட்டேன்.

"என்னட்டக் கேளுங்க."

நசீரின் மைக் இன்னும் வேலையில் இருந்தது. வயிற்றிலிருந்த ஸ்பீக்கர் அதை அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சொன்னது. தோப்பூர்க்காரர் நசீர் பக்கம் திரும்பினார். நான் சுவிச்சில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.